செருப்பைக் கடிக்கும் குட்டிக்கு வயது 14,000

நீளமான இழை. டீ போட்டு எடுத்துக்கிட்டு வாங்க. நாய் வளர்க்கிறவங்க, வளர்க்கலாமான்னு யோசிக்கிறவங்க, பக்கத்து வீட்டு நாயைத் திட்டுறவங்க எல்லாருக்கும் இதில் விஷயம் இருக்கு.

1/
எங்க வீட்டில் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது. பேர் முறுக்கு. வயது நாலரை மாதம். கடந்த ஆறு வாரத்தில் அது கடித்துத் தீர்த்தவை: நாலு ஜோடி செருப்பு, மகளின் கணக்கு நோட்டு, டிவி ரிமோட், வாசல் மிதியடி, துணி காயப்போடும் கிளிப் ஒரு டஜன், என் ஸ்டெதஸ்கோப்பின் குழாய். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் காது மெஷின்.

2/
மெஷின் போனதுகூடப் பெரிசில்லை. அதற்குள் இருந்த பட்டன் பேட்டரியைக் காணோம். பட்டன் பேட்டரி வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கும் ஆபத்து, நாய்க்கும் ஆபத்து. உள்ளே சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். ராத்திரி பத்து மணிக்குக் குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. திரும்பி வந்து பார்த்தால் பேட்டரி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

3/
அப்பாவுக்கு வயது 76. மெஷின் இல்லாததால் தனக்கே கேட்கவேண்டும் என்பதுபோல் சத்தமாகச் சொன்னார்: "இதைக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுட்டு வாடா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதே வாக்கியத்தை இதே குரலில் 35 வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறேன்.

4/
அப்போ நான் நாலாம் வகுப்பு. வீட்டில் ஒரு செவலைக் குட்டி. அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தபோது முந்தானையைக் கடித்துக் கிழித்துவிட்டது. மறுநாள் விடிகாலை அப்பா அதை ஒரு பையில் போட்டு, சைக்கிளில் சந்தைப்பேட்டைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். பை மட்டும் திரும்பி வந்தது.

அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். இன்றும் நிறைய வீடுகளில் அதுதான் நடக்கிறது.

5/
விட்டுவிடப்படும் குட்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரே வயசு. நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம். "வாங்கும்போது பொம்மை மாதிரி இருந்துச்சு டாக்டர், இப்போ வீட்டையே திங்குது" என்று என் நோயாளிகளே சொல்லியிருக்கிறார்கள். அது ஏன் சரியாக அந்த வயதில்? முதலில் அதைப் பார்ப்போம். அப்புறம் வரலாற்றுக்குப் போவோம்.

6/
மனிதக் குழந்தைக்குப் பால்பல் 20. நாய்க்குட்டிக்கு 28. பிறந்த மூன்றாவது வாரத்திலேயே முளைக்கத் தொடங்கிவிடும். ஊசி மாதிரி கூர்மை. நமக்கு ஆறு வயதில் விழ ஆரம்பிக்கிற பால்பல், அதற்கு மூன்றரை, நாலு மாதத்தில் விழ ஆரம்பிக்கிறது. ஆறு, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்து நிற்கும்.

அதாவது, நமக்கு ஆறு வருஷத்துக்கு மேல் நடக்கிற வேலை அதற்கு மூன்றே மாதத்தில் முடிகிறது. ஈறு முழுக்க ஊறல், வலி. எதையாவது அழுத்திக் கடித்தால் கொஞ்சம் ஆறும். அதோடு ஒரு பொருள் என்னவென்று தெரிந்துகொள்ள அதற்குக் கை கிடையாது, வாய்தான் கை.

7/
அப்போ ஏன் செருப்பு? அது பழிவாங்கவில்லை. செருப்பு தோல், ரப்பர். கடிக்க இதமாக இருக்கும். தரையில் எட்டுகிற இடத்தில் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேல், அதில் உங்கள் வாசனை இருக்கிறது. நீங்கள் வீட்டில் இல்லாதபோது உங்களுக்கு அடுத்தபடி அதுதான்.

சரி, இனி வரலாறு. பல் முளைக்கும் வயதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதிலிருந்து ஆரம்பிப்போம்.

8/
கி.பி. முதல் நூற்றாண்டு, ரோம். பிளினி என்று ஒருவர். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றி ஒரு பெரிய நூல் எழுதியவர். நாயின் நாக்கில் சிறு புழு ஒன்று உண்டு, குட்டியாக இருக்கும்போதே அதை எடுத்துவிட்டால் நாய்க்கு வெறி பிடிக்காது என்று அதில் எழுதிவைத்தார். அந்தப் "புழு"வுக்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த பெயரும் வெறிநோய்க்கு அவர்கள் சொன்ன பெயரும் ஒன்றுக்கொன்று நெருக்கம். இன்றைக்கு ரேபிஸ் வைரஸின் பேரினத்துக்கு லிஸாவைரஸ் என்று பெயர் இருக்கிறதே, அந்த வேர்தான்.

9/
உண்மையில் நாயின் நாக்குக்கு அடியில் புழு எதுவும் கிடையாது. நடுவில் நீளமாக ஒரு தண்டு இருக்கும். கொழுப்பும் தசையும் நாரும் சேர்ந்தது. நாக்கின் இயல்பான பாகம். வெளியே இழுத்தால் சுருங்கி நெளியும். பார்த்தவர்கள் புழு என்று நம்பிவிட்டார்கள்.

இந்த நம்பிக்கை எவ்வளவு காலம் நீடித்தது தெரியுமா? 19-ஆம் நூற்றாண்டு வரை. ஏறக்குறைய 1,800 வருஷம் குட்டிகளின் நாக்கைக் கீறிக்கொண்டிருந்தார்கள். மயக்க மருந்து கிடையாது.

10/
இதில் நம்ம கதைக்கு வேண்டிய இடம் இது: 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நாய் வளர்ப்புப் புத்தகங்களில் இந்த அறுவைக்கு இன்னொரு பயனும் பேசப்பட்டது. குட்டி கண்டதையும் கடித்துக் குதறும் பழக்கத்தை இது நிறுத்துமாம்!

நிறுத்தும்தான். வாய் முழுக்கப் புண் இருந்தால் யார் எதைக் கடிப்பார்கள்? புண் ஆறும்வரை சில நாள் கடிக்காது. அந்தச் சில நாள் அமைதிக்காக நாக்கை அறுத்திருக்கிறார்கள்.

11/
"ஐயோ, கொடூரம்" என்று தோன்றுகிறதல்லவா? இருங்க. என் தொழிலின் கதையைக் கேளுங்க. அது இன்னும் மோசம்.

16-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆம்ப்ரோய்ஸ் பாரே. நவீன அறுவை மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவர். பல் முளைக்கச் சிரமப்படும் குழந்தையின் ஈறைக் கத்தியால் கீறிவிட்டால் பல் எளிதாக வெளியே வரும் என்றார். அவருக்குப் பின் வந்த மருத்துவர்கள் 300 வருஷத்துக்கு மேல் குழந்தைகளின் ஈறைக் கீறினார்கள். கத்தியைச் சுத்தம் செய்யவேண்டும் என்பதே தெரியாத காலம் அது.

12/
ஏன் அவ்வளவு பயம்? ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை அன்று குழந்தைகள் ஏராளமாக இறந்தன. பல் முளைப்பதும் அதே வயதில்தான். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டு லண்டனின் இறப்புப் பதிவுகளில் "பல் முளைத்தல்" என்பதே மரணத்தின் காரணமாக எழுதப்பட்டிருக்கிறது.

இன்றும் என் ஓ.பி.க்கு வரும் அம்மாக்கள் "பல்லு முளைக்குது டாக்டர், அதான் பேதி" என்பார்கள். பல் பேதியை உண்டாக்காது. தரையில் கிடந்ததை வாயில் வைத்ததால் உள்ளே போன கிருமிதான் உண்டாக்கும். உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்க, டாக்டரிடம் காட்டுங்க. பல்லின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்காதீங்க.

13/
கத்தி போனது, பொடி வந்தது. பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று மேற்கு நாடுகளில் ஒரு பொடி விற்றார்கள். அதில் இருந்தது கலோமல். அதாவது பாதரச உப்பு. அதே காலத்தில் குழந்தைகளுக்கு ஒரு மர்ம நோய் வந்துகொண்டிருந்தது. கை, கால் இளஞ்சிவப்பாகித் தோல் உரியும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அழும். ஓயாமல் வியர்க்கும். பிங்க் நோய் என்று பேர் வைத்தார்கள். காரணம் தெரியவில்லை.

14/
1940-களின் கடைசியில்தான் அமெரிக்காவில் அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் பாதரசத்தைக் கண்டுபிடித்தார்கள். 1954 வாக்கில் இங்கிலாந்தில் பொடி சந்தையிலிருந்து போனது. நோயும் கூடவே ஏறக்குறைய மறைந்துவிட்டது.

தானாக முளைக்கப்போகிற ஒரு பல்லுக்காக, கொஞ்ச நாள் பொறுக்க முடியாமல், குட்டியின் நாக்கை அறுத்தோம், குழந்தையின் ஈறைக் கீறினோம், பாதரசத்தை ஊட்டினோம். இது பொறுக்காதவர்களின் வரலாறு.

பொறுத்தவர்களின் வரலாறும் இருக்கிறது. அது இதைவிட ரொம்பப் பழசு.

15/
1914 பிப்ரவரி. ஜெர்மனியில் பான் நகருக்குப் பக்கத்தில் ஓபர்காஸல் என்ற ஊர். கல்குவாரியில் வேலை செய்தவர்கள் எலும்புகளைக் கண்டார்கள். நாற்பது வயதை ஒட்டிய ஓர் ஆண், இருபதுகளில் ஒரு பெண். மேலே செங்காவி தூவிப் புதைத்திருந்தார்கள். கூடவே சில விலங்கு எலும்புகள். அதே வருஷம் உலகப்போர் வெடித்தது. விலங்கு எலும்புகளை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஓநாயாக இருக்கும் என்று எடுத்துவைத்துவிட்டார்கள்.

16/
அறுபது வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தன. 1970-களின் இறுதியில் மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் அது நாய் என்று தெரிந்தது. காலம் இன்றைக்கு ஏறக்குறைய 14,200 வருஷத்துக்கு முன். அதாவது விவசாயம் தொடங்குவதற்கும் முன்னால். ஆடு இல்லை, மாடு இல்லை, கோழி இல்லை. மனிதனோடு இருந்த ஒரே வளர்ப்பு விலங்கு நாய்.

17/
2018-இல் லூக் யான்சன்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் அந்தப் பற்களை மறுபடி ஆராய்ந்து எழுதினார்கள். அவர் தொழிலால் கால்நடை மருத்துவர். தொல்லியல் அறிஞர்கள் எலும்பைப் பார்ப்பதற்கும் ஒரு மருத்துவர் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கும்தானே. பற்களின் எனாமலில் இருந்த குறைகளை அவர் ஒரு நோயாளியின் கேஸ் ஷீட் மாதிரி படித்தார்.

ஒரு சின்ன விளக்கம்: பல் உருவாகும் காலத்தில் கடுமையான நோய் வந்தால் எனாமல் போடும் வேலை தடைப்படும். பல்லில் பள்ளமோ கோடோ நிலைத்துவிடும். மனிதர்களிடமும் இதைப் பார்க்கிறோம். பல் ஒரு டைரி மாதிரி. எழுதியதை அழிக்காது.

18/
அந்த டைரியில் இருந்தது இது. இறக்கும்போது குட்டிக்கு வயது சுமார் 28 வாரம். அதாவது ஆறரை மாதம். சுமார் 19 வாரத்தில் அதற்குக் கடும் நோய் வந்திருக்கிறது. பெரும்பாலும் டிஸ்டெம்பர். காய்ச்சல், வாந்தி, பேதி, வலிப்பு எல்லாம் வருகிற வைரஸ் நோய். ஒருமுறை அல்ல, விட்டுவிட்டு இரண்டு மூன்று முறை.

19 வாரம் என்றால் நாலரை மாதம். எங்க வீட்டு முறுக்கின் வயது.

19/
இந்த நோய் வந்த குட்டி கவனிப்பு இல்லாவிட்டால் மூன்று வாரத்துக்குள் செத்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இது பல வாரம் உயிரோடு இருந்திருக்கிறது. அப்படியென்றால் யாரோ உடம்புக்குச் சூடு காட்டியிருக்கிறார்கள். வாந்தியையும் பேதியையும் துடைத்திருக்கிறார்கள். வாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், ஊட்டியிருக்கிறார்கள்.

20/
யோசிச்சுப் பாருங்க. அது பனிக்காலத்தின் இறுதி. தின்ன ஒவ்வொரு நாளும் வேட்டையாட வேண்டும். இந்தக் குட்டி வேட்டைக்கு உதவாது. காவலுக்கும் உதவாது. நோய் வேறு. உடம்பு நன்றாக இருந்த நாட்களில் அவர்களுடைய தோல் செருப்பையும் தோல் பையையும் கடித்து வைத்திருக்கும் வயசு. எந்தக் கணக்குப் போட்டாலும் நஷ்டம்.

ஆனாலும் பார்த்துக்கொண்டார்கள். செத்த பிறகு மனிதர்களோடு சேர்த்துப் புதைத்தார்கள். ஆய்வாளர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்: பயன் கருதி மட்டும் இதைச் செய்திருக்க முடியாது, பாசம் இருந்திருக்க வேண்டும்.

21/
இது ஒன்று மட்டும் இல்லை. இஸ்ரேலின் வடக்கே ஹுலா பள்ளத்தாக்கில் ஐன் மல்லாஹா என்ற இடம். சுமார் 12,000 வருஷத்துக்கு முந்தைய கல்லறை. வயதான ஒருவரின் எலும்புக்கூடு. அவர் கை ஒரு குட்டியின் உடம்பின்மேல் வைக்கப்பட்டிருக்கிறது. அது நாயா ஓநாயா என்று அறிஞர்களிடையே விவாதம் உண்டு. குட்டியின் வயதைப் பாருங்க: 3 முதல் 5 மாதம்.

மறுபடியும் அதே வயசு. பல் முளைக்கிற வயசு.

22/
இப்போ அந்த நோய்க்கு வருகிறேன். டிஸ்டெம்பர் வைரஸ் நம்ம தட்டம்மை வைரஸுக்குச் சொந்தக்காரன். மாடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற வெக்கை நோய் வைரஸும் இதே குடும்பம்தான். (வெக்கை நோய் 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டது.)

1809-இல் நாய்களின் டிஸ்டெம்பரை விரிவாகப் பதிவு செய்தவர் யார் தெரியுமா? பெரியம்மைத் தடுப்பூசி கண்ட அதே எட்வர்ட் ஜென்னர். 1905-இல் ஆன்ரி காரே என்ற பிரெஞ்சுக்காரர் இது பாக்டீரியா வடிகட்டியில் சிக்காத நுண்கிருமி, அதாவது வைரஸ் என்று காட்டினார்.

23/
1920-களில் இங்கிலாந்தில் நாய் வளர்ப்பவர்கள் பொறுத்தது போதும் என்று ஒரு பத்திரிகை மூலமாகப் பணம் திரட்டி ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். பாட்ரிக் லெயிட்லா என்ற மருத்துவரும் டங்கின் என்ற கால்நடை மருத்துவரும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஃபெரெட் என்று ஒரு பிராணி, பார்க்க நம்ம கீரி மாதிரி நீளமாக இருக்கும். டிஸ்டெம்பர் அதற்கும் வரும் என்பதால் அதை வைத்து ஆராய்ந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தடுப்பூசி கண்டார்கள்.

24/
இப்போதான் திருப்பம். 1918 இன்ஃப்ளூயன்ஸாவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் செத்தார்கள். ஆனால் அதன் கிருமி எது என்று 15 வருஷம் யாராலும் பிடிக்க முடியவில்லை. 1933-இல் இங்கிலாந்தில் மறுபடி ஃப்ளூ பரவியபோது வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெயிட்லா மூவரும் நோயாளியின் தொண்டை கழுவிய நீரை எந்த விலங்குக்குக் கொடுத்துப் பார்ப்பது என்று யோசித்தார்கள். நாய்க்காக வளர்த்த ஃபெரெட் கைவசம் இருந்தது.

ஃபெரெட்டுக்கு ஜலதோஷம் பிடித்தது. மனித ஃப்ளூ வைரஸ் முதன்முறையாகப் பிடிபட்டது. பின்னால் 1936-இல் ஒரு ஃபெரெட் தும்மி, பக்கத்தில் இருந்த ஆய்வாளருக்கே ஃப்ளூ வந்தது!

25/
இன்று நான் என் வயதான நோயாளிகளுக்குப் போடும் ஃப்ளூ ஊசியின் வரலாற்றைப் பின்னோக்கிப் போனால், நடுவில் எங்கோ ஒரு நோய்வாய்ப்பட்ட நாய்க்குட்டி படுத்திருக்கிறது. அதைக் காப்பாற்ற நினைத்தவர்கள் கடைசியில் மனிதர்களையும் காப்பாற்றினார்கள்.

26/
ஒரு விஷயம் சொல்லாமல் விட்டேன். சந்தைப்பேட்டையில் விட்ட செவலைக் குட்டியை நான் மறுபடி பார்த்தேன். ரெண்டு மாதம் கழித்து. அம்மாவோடு காய் வாங்கப் போனபோது ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தது. கண்ணில் பீளை, மூக்கில் சளி. ஒரு பின்னங்கால் தானாகத் துடித்துக்கொண்டே இருந்தது. "வெறி பிடிச்சிருக்கும், கிட்ட போகாதே" என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள். அம்மா செய்தது சரி. அப்படி இருக்கிற நாயை யாரும் தொடக்கூடாது.

அந்தக் கால் துடிப்பு டிஸ்டெம்பரில் வருவது என்று பல வருஷம் கழித்துப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. குட்டிக்கு ஊசி எதுவும் போட்டிருக்கவில்லை.

27/
நாயின் பல்லை மனிதன் எவ்வளவு கொண்டாடியிருக்கிறான் என்று பார்த்தால் இது இன்னும் உறுத்தும். நினிவே அரண்மனையில் கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் களிமண்ணால் ஐந்து குட்டி நாய்ப் பொம்மைகள் செய்து வாசலுக்கடியில் புதைத்தார்கள், காவலுக்காக. ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதியிருக்கிறது. ஒன்றின் பெயர்: "யோசிக்காதே, கடி!" இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

28/
நம்ம ஊரிலேயே, திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியில் எடுத்தனூர் நடுகல் இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டு, முதலாம் மகேந்திரவர்மன் காலம். மாடுகளைக் காக்கப் போராடி இறந்த வீரனோடு அவனுடைய நாயும் கல்லில் நிற்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்ளர்களைக் கடித்ததையும் கல்வெட்டே சொல்கிறது.

கோவிவனும் ஒரு காலத்தில் நாலு மாதக் குட்டி. அந்த வீட்டிலும் எதையெதையோ கடித்திருக்கும். அன்று யாராவது அதை ஒரு பையில் போட்டுச் சந்தையில் விட்டிருந்தால் அந்தக் கல்லில் நாய் இருந்திருக்காது.

29/
கடைசியாக ஒரு எழுத்தாளர். 1936, கலிஃபோர்னியா. ஜான் ஸ்டைன்பெக் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் பிரதி ஒன்றுதான், நகல் கிடையாது. ஒருநாள் இரவு வீட்டில் தனியாக விடப்பட்ட அவருடைய செட்டர் குட்டி டோபி, அதில் பாதியைச் சுக்குநூறாகக் கிழித்துவிட்டது. ரெண்டு மாத உழைப்பு போச்சு. அவர் அதை வெளியே துரத்தவில்லை. லேசாக ரெண்டு தட்டு தட்டியதோடு சரி. உட்கார்ந்து மறுபடி எழுதினார். அடுத்த வருஷம் வெளிவந்த அந்த நாவல்தான் ஆஃப் மைஸ் அண்ட் மென்.

நம்ம செருப்பு அதைவிடப் பெரிசா என்ன?

30/
பொறுமை என்றால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது இல்லை. நான் கற்றுக்கொண்டவை:

எட்டுகிற உயரத்தில் எதையும் வைக்காதீங்க. செருப்பு அலமாரிக்குள். சார்ஜர் ஒயர், காது மெஷின், பேட்டரி, எலி மருந்து எல்லாம் மேலே. மாத்திரை அட்டை கண்டிப்பாக மேலே. நாம் சாதாரணமாகப் போடும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் நாய்க்கு விஷம். எதையாவது விழுங்கியது தெரிந்தால் நீங்களே வைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்க.

கடிக்கக் கூடாது என்று சொல்லாதீங்க. எதைக் கடிக்கலாம் என்று கொடுங்க. கெட்டியான ரப்பர் பொம்மை, முடிச்சுப் போட்டு நனைத்துக் குளிரவைத்த பழைய துணி. பழைய செருப்பை மட்டும் கொடுக்காதீங்க; பழசு எது புதுசு எது என்று அதற்குத் தெரியாது.

கடித்து ஒரு மணி நேரம் கழித்து அடிக்காதீங்க. எதற்கு அடி என்று அதற்குப் புரியாது. உங்களைப் பார்த்துப் பயப்பட மட்டும்தான் கற்றுக்கொள்ளும்.

31/
இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீங்க: டிஸ்டெம்பருக்கும் மற்ற நோய்களுக்குமான ஊசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3-4 வாரத்துக்கு ஒருமுறை போடணும். ரேபிஸ் ஊசி 3 மாதத்தில், அப்புறம் மருத்துவர் சொல்லும் அட்டவணைப்படி.

பல் முளைக்கும் குட்டி விளையாட்டாக உங்களையும் கடிக்கும். "வீட்டுக் குட்டிதானே" என்று விடாதீங்க. ரத்தம் வராத கீறலாக இருந்தாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவுங்க. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்க. ஊசி தேவையா இல்லையா என்பதை அங்கே முடிவு செய்யட்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம்.

32/
முடித்துவிடுகிறேன். இந்த ஓபர்காஸல் கதையை அப்பாவிடம் சொன்னேன். மெஷின் இல்லாததால் பாதி கேட்டிருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று காலை எழுந்து வந்தேன். அப்பா வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பழைய துண்டு ஒன்று முடிச்சுப் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த ஈரத்தோடு முறுக்கின் வாயில். இன்னொரு நுனி அவர் கையில். என்னைப் பார்த்ததும், "பல்லு ஆடுதுடா அதுக்கு. பாவம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் செவலைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்ல" என்றார். 35 வருஷத்தில் அதைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

33/
மாலையில் மகள் வராந்தாவில் அரிசி மணி அளவுக்கு ஒரு பால்பல்லைக் கண்டெடுத்தாள். நுனியில் ஒரு பொட்டு ரத்தம். அப்பாவின் காலி மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

28-இல் ஒன்று போச்சு. ஆறு மாதம் முடிய இன்னும் ஆறு வாரம். புதுச் செருப்பு அதற்கப்புறம்தான் வாங்கப்போகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது "இந்தக் குட்டியை எங்கயாவது விட்டுடலாமா" என்று யோசித்துக்கொண்டிருந்தால் இதை அவங்களுக்கு அனுப்புங்க.